ஏழாவது பெட்டியில் ஒரு நீலத் துண்டு

சோம்பேறியா? யாரை, சின்னவளையா? வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

முட்டைக்காரி சொன்னாளாம்: ஆயிரத்து நூறு பெட்டி ஒட்டாமல் கிடக்கும்போது, அண்ணனை நட்டாற்றில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாளாம். கையைக் கழுவிக்கொண்டு போனது உண்மைதான். எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். பசைக் கையோடு யாராவது பஸ் ஏறுவார்களா? போன வாரம் இதே முட்டைக்காரி, சின்னவள் சரக்கு வண்டிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று தெரு முழுக்கக் கூவி விற்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோயிலில் முன்வரிசையில் வந்து முழந்தாள் போட்டான். அன்றைக்கு இவள் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும். சரி, மோகம் இல்லையென்று ஆகிவிட்டது. உடனே தையல்காரர் பெண்டாட்டி, "மேலாள் ஆகணும்னு தலைக்கனம் பிடிச்சு ஆட்டுது" என்றாள். அதாவது அகங்காரம். இன்னொருத்தி, "அண்ணன் வீட்டுச் சாப்பாடு நாக்குக்குப் பத்தலை போல" என்றாள். அது போசனப்பிரியம். இப்போது சோம்பலில் வந்து நிற்கிறார்கள். வேறொன்றும் கையில் மிஞ்சவில்லை போலிருக்கிறது.

நான் எழுத்துக் கூட்டத் தெரியாதவள். சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். ஆனால் ஞானோபதேசம் எனக்கு மனப்பாடம். காதால் கேட்டே படித்தது. தலையான பாவங்கள் ஏழு: அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். காய்மகாரம் என்றால் அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிவது. இந்த ஏழையும் ஏன் தலையானவை என்கிறோம்? இருப்பதிலேயே பெரியவை என்பதால் இல்லை. மற்ற பாவமெல்லாம் இந்த ஏழு தலையிலிருந்து வால் விடும், அதனால். இது முட்டைக்காரிக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் அந்த வகுப்பில் பக்கத்திலிருந்தவளின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? சின்னவளின் அண்ணன்தான். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்பவர், ஊருக்கெல்லாம் உபதேசியார். வார நாட்களில் அட்டைப்பெட்டி செய்பவர். செருப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, கேக்குப் பெட்டி, எது கேட்டாலும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவர் மெஷினில் அட்டையை வெட்டிக் கோடு கீறிக் கொடுப்பார். சின்னவள் மடித்து, பசை தடவி, மேல்தாள் சுற்றி, மரக்கட்டையால் தேய்த்துக் கொடுப்பாள். நான் லேபிள் ஒட்டுவேன். எழுத்து தெரியாததால் முதல் வாரம் முந்நூறு பெட்டிக்குத் தலைகீழாக ஒட்டிவைத்தேன். "அக்கா, செருப்பு தலையில போடுறதுன்னு நினைச்சிட்டீங்களா?" என்று சின்னவள் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு லேபிளின் மேல்மூலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். பதினோரு வருடம் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஒட்டினேன்.

ஒரு நாளைக்கு நானூறு பெட்டி அவள் கை. யாராவது மீறிக் காட்டட்டும். அவள் செய்த மூடி எப்படி இருக்கும் தெரியுமா? பெட்டிமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தால், அது தானாக, மெதுவாக, உள்ளே இருக்கிற காற்றை 'உஸ்' என்று வெளியே விட்டுக்கொண்டே இறங்கும். அழுத்த வேண்டாம். அவளாகக் கண்டுபிடித்த அளவு அது.

அந்த வீட்டில் பின்பக்கம் ஓர் அறை, அது அண்ணனுக்கும் அண்ணிக்கும். அதற்குப் பின்னால் சமையலறை. சின்னவளுக்குப் படுக்கை பட்டறையிலேயே, அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே. ஆர்டர் பெருத்தால் அவள் படுக்கை சிறுக்கும். மழைக்காலத்தில் பசை காயாது. ஈரப் பெட்டிகளைப் பரப்பி வைக்க வேண்டும். அப்போது அவள் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். இருந்த ஒரே ஜன்னலிலும் பாதி உயரத்துக்குப் பெட்டி ஏறிவிடும். மேல்பாதியில் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். நாற்பத்தொரு வயதுவரை அவள் பார்த்த காட்சி அந்தச் சுவர்தான்.

உபதேசியார் கெட்டவர் என்று நான் சொன்னேன் என்று யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. தங்கையை ஒரு நாள் அடித்ததில்லை, 'சனியனே' என்று வைததில்லை. தாய் சாகும்போது இவள் சிறுமி. இவர் மீசை முளைத்த ஆள். "இவளைக் கைவிட்டுடாதேடா" என்று அந்த அம்மா சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். இவர் கைவிடவில்லை. அதுதான் விஷயமே. கைவிடாதே என்றால், பிடித்த கையைக் கடைசிவரை விடவே கூடாது என்று எடுத்துக்கொண்டார். பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பூசைக்கு ஒழுங்காக வருவதில்லை, இன்னொருவன் வருகிறான் ஆனால் பிரசங்கத்தில் தூங்குகிறான் என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஆள் வரவில்லை.

இனி அந்த ஏழு பெட்டிக்கு வருகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாவங்களின் பேர் மனதில் நிற்கவில்லை. பெட்டிக்காரர் அல்லவா, தீப்பெட்டி அளவில் ஏழு சின்னப் பெட்டி செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத் தாள் சுற்றி, ஒரு பலகையில் வரிசையாக ஒட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கீறல், உண்டியல் மாதிரி. பிள்ளைகள் இந்த வாரம் தாங்கள் செய்த பாவத்துக்கு ஓர் அட்டைத் துண்டைப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். செய்யாத பாவத்துக்கெல்லாம் போட்டார்கள். அன்றைய பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, "உபதேசியாரே, பிரமாதம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இவருக்குக் குளிர்விட்டுப்போனது. அதே மாதிரி இன்னொரு பலகை செய்து வீட்டிலேயே மாட்டிவிட்டார்.

அவருக்கு வெள்ளைத் துண்டு, அண்ணிக்குச் சிவப்பு, சின்னவளுக்கு நீலம். வாரம் முழுக்க அவரவர் துண்டை அவரவர் போட வேண்டும். மறந்தால் அவர் ஞாபகப்படுத்துவார். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பெட்டிகளைத் திறந்து எண்ணுவார். நான்கு மணிக்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டுமே, ஆத்தும சோதனைக்கு அது நல்ல ஒத்தாசை என்பார். வேலைக்காரி என்பதால் எனக்குத் துண்டு இல்லை. "உங்களுக்குன்னா பலகையே பத்தாது அக்கா" என்பாள் சின்னவள், என் காதோடு.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போக எப்படி ஆனது என்று சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் பசை கெட்டிப்படுகிறதே என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாள். நாலு மணிக்கு வந்து இரண்டு பங்கு ரொட்டி எடுத்தாள். "போசனப்பிரியம்" என்றார். மிச்சம் விழுந்த பொன்னிறத் தாளில் கையகலம் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், சும்மா பார்ப்பதற்கு. லோபித்தனம். சரக்கு வண்டிக்காரன் ஏதோ சொல்ல, வாசலில் நின்று சிரித்துவிட்டாள். மோகம். என் மகள் வாடகைக்குத் தனி வீடு பார்த்துப் போனபோது, "அவளுக்குன்னு ஒரு சாவி, கொடுத்து வைச்சவ" என்றாள். காய்மகாரம். தூரிகையைச் சத்தம் வர வைத்தாள். கோபம். "இந்த மூடி நான் கண்டுபிடிச்ச அளவு" என்று ஒரு வியாபாரியிடம் வாய்தவறிச் சொன்னாள். அகங்காரம். அதற்கு இரண்டு துண்டு போடச் சொன்னார்; வெளியாள் முன்னால் சொன்னதால்.

ஆசைப்பட்டால் ஒரு பாவம், கிடைக்கவில்லையே என்றால் இன்னொரு பாவம், அதற்கு முகம் வாடினால் மூன்றாவது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெட்டி. கடைசி கடைசியாக அவர் சொல்வதற்கு முன்னாலேயே இவள் எழுந்து போய்ப் போட ஆரம்பித்துவிட்டாள். இருமல் வந்தால்கூட எந்தப் பெட்டியில் சேர்ப்பது என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம். ஒரு நாள் நான் கேட்டேன்.

"ஏண்டி, நீ இப்ப என்ன செஞ்சிட்டேன்னு போய்ப் போடுறே?"

"ஒண்ணும் செய்யலைக்கா. மனசுல ஒண்ணு வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"ஜன்னலைத் தொறந்தா நல்லாருக்குமேன்னு."

"அது எந்தப் பாவம்?"

"தெரியலை. அதான் ரெண்டுல போட்டேன்."

உபதேசியாரும் தனக்கு வாராவாரம் ஒரு வெள்ளைத் துண்டு போடுவார். எப்போதும் கோபத்தில், எப்போதும் ஒன்றே ஒன்று. அகங்காரப் பெட்டியில் அவர் துண்டை நான் கண்டதேயில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். அண்ணியின் துண்டுகள் எல்லாப் பெட்டியிலும் சமமாக விழும். "கேள்வி கேக்காம இருக்கணும்னா கொஞ்சம் கொஞ்சம் எல்லாத்துலயும் போட்டுரணும்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். அவள் கெட்டிக்காரி.

ஏழாவது பெட்டியில் மட்டும் நீலம் விழவில்லை. நானூறு பெட்டி ஒட்டுகிறவளைச் சோம்பேறி என்று சொல்ல அண்ணனுக்கே வாய் வராது. "இதுல மட்டும் என் தங்கச்சி சம்மனசு" என்பார், தேவதூதர் என்று அர்த்தம். அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம். ஏழு சுவருள்ள வீட்டில் அந்த ஒரு சுவரில் மட்டும் சாய்ந்து உட்காரலாம் போல.

அப்போதுதான் செருப்புக் கம்பெனி அம்மா வந்தாள். புதன்கிழமை, மத்தியானத்துக்கு முன். வெளியூரில் பெரிய கம்பெனி. வெகுநாளாக நம்மிடம்தான் பெட்டி வாங்குகிறார்கள். காலில் நல்ல செருப்பு, கையில் நம் பெட்டி ஒன்று. மூடியை வைத்து, கையை எடுத்து, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதைச் செய்றது யாரு?"

"எங்க பட்டறையில எல்லாரும் சேர்ந்துதான்" என்றார் உபதேசியார்.

அந்த அம்மா எங்கள் கைகளைப் பார்த்தாள். என் கையைப் பார்த்து அரை நொடி, சின்னவள் கையைப் பார்த்து வெகுநேரம். பிறகு விஷயத்தைச் சொன்னாள். கம்பெனியிலேயே சொந்தமாகப் பெட்டிப் பிரிவு தொடங்குகிறார்கள். இருபது பெண்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து மேற்பார்க்க ஒருத்தி வேண்டும். தங்குவதற்கு அறை உண்டு, அறைக்கு ஜன்னல் உண்டு என்பதுவரை சொன்னாள்.

உபதேசியார் யோசிக்கவேயில்லை. "அவளுக்கு விருப்பமில்லீங்க."

"அவங்களைக் கேக்கலாமா?" அந்த அம்மா சின்னவள் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா? விருப்பமில்லையா?"

சின்னவள் கையில் தூரிகை. பசை நுனியிலிருந்து சொட்டி மேல்தாளைப் பாழாக்கியது. பதினோரு வருடத்தில் அவள் பாழாக்கி நான் பார்த்த முதல் தாள் அது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு ஆமென்று தலையாட்டினாள்.

நான் வாசல்வரை போய் அந்த அம்மாவை வழியனுப்பினேன். அவள் ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதி என் கையில் வைத்து, "மாசக் கடைசி வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன். சொல்லிடுங்க" என்றாள்.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டே அவளுக்கு எதிரே உட்கார்ந்து லேபிள் ஒட்டினேன். அவள் போய்விட்டால் எனக்குப் பென்சில் புள்ளி யார் வைப்பார்கள்? பேச யார் இருக்கிறார்கள்? எனக்குப் பலகை இருந்திருந்தால் அந்த இரண்டு நாளுக்கு எத்தனை துண்டு போட்டிருக்க வேண்டுமோ. வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் கொடுத்தேன். அதோடு விடாமல், "நாப்பது தாண்டியாச்சு, இனி எங்கே போய் என்னத்தைப் பிடுங்கப் போறே" என்றும் சொன்னேன். என் வாயில் வசம்பைத்தான் தேய்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் மெதுவாக அண்ணனிடம் பேச்செடுத்தாள். அவர் கத்தவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இருபது பேருக்கு மேலே உக்காரணும்னு ஆசை வந்துடுச்சா? சம்மனசுங்க பசாசா விழுந்தது எதனாலேன்னு உனக்குச் சின்ன வயசுலேயே சொல்லியிருக்கேன்."

"அகங்காரம்ணா."

"அப்புறம்?"

அவள் எழுந்து போய் முதல் பெட்டியில் ஒரு நீலத் துண்டைப் போட்டுவிட்டு வந்து, தூரிகையை எடுத்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு.

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். பதிலுக்கு வந்தவர் சின்ன வயசு, சரியான ஜலதோஷம். கூண்டுக்குள்ளிருந்து தும்மல் சத்தம் வெளியே கேட்டது. அவள் உள்ளே போனவள் வரவேயில்லை. எனக்குப் பின்னால் இருந்த தையல்காரர் பெண்டாட்டி, "அவளுக்கு அவ்வளவு பாவம் ஏது? அண்ணன் பாவத்தையும் சேர்த்துச் சொல்றாளோ?" என்றாள். வம்புக்காகச் சொன்னாள், ஆனால் அவள் ஆயுளில் சொன்ன ஒரே சரியான வார்த்தை.

உள்ளே நடந்ததைச் சின்னவளே வழியில் என்னிடம் சொன்னாள். தன் பாவத்தைத் தான் சொல்லலாம், தடையில்லை. வழக்கம்போல ஆறு பெட்டிக் கணக்கையும் ஒப்பித்திருக்கிறாள். சாமி கேட்டிருக்கிறார்:

"இதெல்லாம் நீங்க செஞ்சதாம்மா, செஞ்சீங்கன்னு மத்தவங்க சொன்னதா?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்கு மறந்துபோச்சு சாமி."

அவர் தும்மினார். பிறகு, "ஏழுல ஆறு சொன்னீங்க. ஏழாவது?" என்றார்.

"சோம்பல் மட்டும் என்கிட்ட கிடையாது சாமி. காலையில ஆறு மணிக்கு உக்காந்தா இருட்டுற வரைக்கும்..."

"கை ஓடுறதைக் கேக்கலைம்மா. கை ஓடிக்கிட்டே இருக்கும்போதுகூட உள்ளே ஒண்ணு படுத்துக்கலாம். நல்லது ஒண்ணு வாசல்ல வந்து கூப்பிடும். எழுந்து போகணும்னு தெரியும். ஆனா, எதுக்கு வம்பு, இப்படியே கிடந்துடுவோம்னு உள்ளே ஒண்ணு திரும்பிப் படுத்துக்கும். அப்படி ஏதாவது உண்டா?"

இவள் செருப்புக் கம்பெனி அம்மா வந்ததையும், தான் தலையாட்டியதையும் சொல்லியிருக்கிறாள்.

"உங்க தலையை யாராவது பிடிச்சு ஆட்டினாங்களா?"

"இல்லை சாமி. நான்தான் ஆட்டினேன்."

"போகப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருந்துச்சு. பொய்யாத்தான் ஆட்டினேன். போனா எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். இருந்துட்டா ஒண்ணுக்கும் வேண்டாம்."

"அதைச் சொல்லுங்கம்மா. அது உங்களோடது."

அபராதமாக ஒரே ஓர் அருள்நிறை மந்திரமும், அந்த அம்மாவுக்கு உண்மையான பதிலைச் சொல்வதும் கொடுத்தாராம். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, அது உங்க பதிலா இருக்கட்டும்" என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் போய், ஏழாவது பெட்டியில் நீலத் துண்டைப் போட்டாள். உபதேசியார் பார்த்துவிட்டார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது, ஆனால் அவள் மேலே இல்லை.

"உன்னை யாரு சோம்பேறின்னு சொன்னது? எவன் சொன்னான்?" பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அவள் கையிலேயே வைத்தார். "இது உன்னுது இல்லை."

அவள் அதைத் திரும்பவும் போட்டாள். "இது ஒண்ணுதாண்ணா என்னுது. மத்ததெல்லாம் நீங்க போட்டது."

அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். நான் கைக்கு வந்த லேபிளை எடுத்துத் தலைகீழாக ஒட்டினேன். அது என்ன பாவம் என்று உபதேசியாருக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருந்தவர், மெஷின் பக்கம் போய்விட்டார்.

அன்றே என் மகளின் போனிலிருந்து அந்த அம்மாவிடம், "வர்றேன்" என்று சொன்னாள். மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தது. அதுவும் ஒரு சனிக்கிழமை.

அதோடு கதவு திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீடு இறுகியது. திங்கட்கிழமை உபதேசியார் ஆறாயிரம் மருந்துப் பெட்டிக்கு ஆர்டர் பிடித்து வந்தார். வேண்டுமென்றே பிடித்தாரா, தானாக வந்ததா, அது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். அறை முழுக்க அட்டை. அவள் படுக்கை ஒரு பலகை அகலத்துக்குச் சுருங்கியது. ஜன்னல் முழுவதும் மறைந்துபோய்ப் பகலிலேயே விளக்கு எரிந்தது. அவர் பேசுவதில்லை. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அண்ணிக்குக் கை மரத்துப்போகிற வியாதி. இரண்டு பெட்டி ஒட்டினால் விரலை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் உதறுவதைச் சின்னவள் பார்ப்பாள். பார்க்கட்டும் என்றுதான் உதறினாளோ என்னவோ. நடுவில் வந்த சனிக்கிழமை பலகையை யாரும் திறக்கவில்லை. யாரும் துண்டும் போடவில்லை. அந்த மௌனத்துக்குத் துண்டு போடுகிற காலமே தேவலாம் போலிருந்தது.

அவளும் தளர்ந்தாள். ஒரு நாள் கட்டையால் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "அக்கா, இதை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போனா என்ன? நாலு நாள்தானே கூட."

"நல்லதுதானே. முடிச்சிட்டுப் போயேன்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பாத்தீங்களா? உங்களுக்கே நல்லதுன்னு தோணுது. எனக்கும் தோணுது. இப்படித்தான் அது திரும்பிப் படுத்துக்கும் போல." பிறகு முன்னைவிட வேகமாக ஒட்டினாள். கிளம்புகிற நேரத்துக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் அடுக்கில் இருந்தது. எந்தச் சோம்பேறி இதைச் செய்வாள்? முட்டைக்காரியைக் கேட்கிறேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, பஸ் பன்னிரண்டு மணிக்கு. பதினொன்றரை வரைக்கும் அவள் உட்கார்ந்து ஒட்டினாள். கையில் இருந்த பெட்டிக்கு மூடி போட்டு, அது இறங்கி முடிகிறவரை காத்திருந்து, அடுக்கில் வைத்தாள். தூரிகையை அலசித் தலைகீழாக நிறுத்தினாள். கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த பசை போகவில்லை. படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அவ்வளவு சின்னப் பை.

உபதேசியார் மெஷினைவிட்டுத் திரும்பாமலே கேட்டார். "இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஆயிரத்து நூறுண்ணா."

"அதை முடிச்சிட்டுப் போ. நான் தடுக்கலை. நியாயம்தானே கேக்குறேன்?"

நியாயம்தான். அதுதான் கஷ்டமே. அவர் அநியாயம் கேட்டிருந்தால் அவள் எப்போதோ போயிருப்பாள்.

"நியாயம்தாண்ணா. முடிச்சா அடுத்த நியாயம் வரும். நான் இப்பவே போறேன்."

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க விடலைன்னு சொல்லுங்க. நானாத்தான் கையை எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"இது எந்தப் பாவத்துல சேர்த்தின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியலைண்ணா. பாவமா இருந்தா நானே சாமிகிட்ட சொல்லிக்கிறேன்."

அண்ணி சமையலறையிலிருந்து வந்தாள். ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் பையில் திணித்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது. "போறதுன்னா போய்த் தொலை. வாசல்ல நின்னு அழுது, அதைத் துடைக்கிற வேலையையும் எனக்கு வைக்காதே." சொல்லிவிட்டு, சின்னவளின் இடத்தில் உட்கார்ந்து, அலசி வைத்த தூரிகையை எடுத்து, விரலை ஒருமுறை உதறிக்கொண்டு பசை வாளியில் தோய்த்தாள்.

சின்னவள் என் பக்கம் வந்தாள். எனக்கு இரண்டு கையிலும் பசை. எழுந்து கட்டிக்கொள்ள வழியில்லை. அவள் குனிந்து என் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். "போயிட்டு வர்றேன்கா" என்றாள். அண்ணனைப் பார்த்தும் அதையே சொன்னாள். அவர் 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. மெஷினையும் ஓட்டவில்லை.

மழையில் ஊதிப்போன கதவு அது, கீழ்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும். பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, காலால் ஓர் உதை கொடுத்துத் திறந்தாள். நான் லேபிளைப் போட்டுவிட்டு, பசைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முட்டைக்காரி கூடையோடு எதிரே நின்றாள். சின்னவள் அவளுக்கு ஒரு தலையசைப்பு வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். கோயில் இருப்பது வலப்பக்கம். இத்தனை வருடமும் அந்த வாசலில் இறங்கியவள் வலப்பக்கம் மட்டும்தான் திரும்பியிருக்கிறாள். அன்றைக்கு இடப்பக்கம் திரும்பி, வேகமாக நடந்தாள்.